அழுத்தித் திருகும் மூடி

சில மருந்துப் புட்டிகளின் மூடி, வெறுமனே திருகினால் சுழலுமேயன்றித் திறவாது. அழுத்திக்கொண்டே திருகவேண்டும். அதில் உள்ளும் புறமுமாக இரு மூடிகள் உள்ளன. அழுத்தும்போதுதான் வெளிமூடியின் பற்கள் உள்மூடியைப் பற்றுகின்றன. இவ்விரு செயல்களையும் ஒருசேரச் செய்வது இளங்குழந்தைக்கு அரிது. கனடாவின் வின்ட்ஸர் நகரக் குழந்தை மருத்துவர் டாக்டர் ஹென்றி புரோவின் முயற்சியால் 1967-ல் இத்தகைய மூடி வழக்கிற்கு வந்தது.

அமெரிக்கா 1970-ல் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. அங்கு மூடியைச் சோதிக்கும் முறை சுவையானது. மூன்றரை வயது முதல் நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் தீங்கற்ற புட்டியைக் கொடுப்பர். ஐந்து நிமிஷம் கழிந்தும் திறவாத குழந்தைக்கு ஒருமுறை திறந்து காட்டி, பல்லாலும் கடிக்கலாமென்று சொல்லி, மேலும் ஐந்து நிமிஷம் விடுவர். முடிவில் நூற்றுக்கு எண்பது குழந்தைகளேனும் தோற்றால் மூடி தேறியதாகும். எஞ்சிய இருபது பேர்? மூடி தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது. முதியோரும் அதைத் திறந்தாக வேண்டுமல்லவா!

நம் வீடுகளிலோ மண்ணெண்ணெயும், கழிப்பறை கழுவும் அமிலமும் காலியான குளிர்பானப் புட்டிகளில் குடியேறிவிடுகின்றன. எந்த மூடிதான் என்ன செய்யும்? குழந்தை அருந்திவிட்டால் வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. மண்ணெண்ணெய் நுரையீரலில் புகும். அமிலம் உணவுக்குழாயை மறுமுறையும் சுடும். உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். புட்டியும் உடன் செல்லட்டும். மொழி புரியாத ஊரில், பதற்றத்தில் நமக்குச் சொல்ல வராத நஞ்சின் பெயரை மூலப்புட்டியின் சீட்டு மருத்துவருக்குச் சொல்லிவிடும். மாற்றி ஊற்றிய புட்டியில் அச்சீட்டு இராது.