மர அரம்: கேட்டு விற்போம், காத்து வைப்போம்

ஆணி, கீல், தாழ்ப்பாள் போல அரம் அன்றாடம் விற்கும் சரக்கு அல்ல. ஆனால் பொருந்தாத அரத்தை வாங்கிப் போய் வேலையைக் கெடுத்துக்கொண்ட ஆசாரி, அடுத்த முறை ஆணி வாங்கக்கூட நம் கடைப் படி ஏறமாட்டார். இரும்புக்கடைக்காரர்களுக்கு மட்டுமன்றி, மளிகையோடு சில்லறை இரும்புச் சாமான்களும் வைத்து விற்கும் சிறு வணிகர்களுக்கும் இது பொருந்தும்.

"அரம் ஒன்று கொடுங்கள்" என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இரும்புக்கா, மரத்துக்கா?" என்பதே. இரும்பை அராவும் அரத்தில் வரிவரியாகக் கோடுகள் வெட்டியிருக்கும். 'ராஸ்ப்' எனப்படும் மர அரத்தில் முள் முள்ளாகத் தனித்தனிப் பற்கள் எழுந்து நிற்கும். இரும்பு அரத்தால் மரத்தை அராவினால் தூள் அடைத்துக்கொள்ளும். மர அரத்தை இரும்பில் போட்டால் பல் முறியும்.

வில் செய்பவர் கற்றுத்தரும் பாடம்

மர அரத்தை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுப்பவர்களில் மர வில் செய்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் இது பழந்தொழில். லண்டனில் வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் 1371-ல் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தனர் என்றால் தொழில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. ஆறடிக்கு மேற்பட்ட நீளம் கொண்டவை அவை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றும் யூ, ஹிக்கரி, ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்களில் கையால் வில் செய்கிறார்கள்.

வில்லை வளைக்கும்போது எய்பவரை நோக்கிய பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். இழுபடும் பக்கத்தில் மரத்தின் ஆண்டு வளையம் அறுபட்டால் வில் ஒடிந்துவிடலாம். ஆகவே பெரும்பாலும் உட்பக்கத்திலும் ஓரங்களிலுமே அரம் போடுவார்கள். இரு கைகளும் ஒரே சீராக வளையும் வரை சிறிது சிறிதாக அராவிப் பார்ப்பார்கள். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஓரிடத்தில் அரம் ஆழமாகக் கடித்துவிட்டால், அந்த இடம் அளவுக்கு மேல் வளைந்து, மாதக்கணக்கில் உலர வைத்த கட்டை வீணாகும். அதனால்தான் முரட்டு அரத்தில் தொடங்கி, நயமான அரம், இரும்பு அரம், கடைசியில் சுரண்டும் எஃகுத் தகடு என்று படிப்படியாக இறங்குகிறார்கள்.

கட்டில் காலுக்கும் ஏர்க்காலுக்கும் கோடரிக் காம்புக்கும் இதே முறைதான். ஒரே அரம் எல்லா வேலைக்கும் ஆகாது.

வகை தெரிந்து விற்க

1. இயந்திரத்தில் பல் வெட்டிய அரம்: விலை குறைவு. பற்கள் ஒழுங்கான வரிசையில் நிற்பதால் மரத்தில் வாய்க்கால் போலத் தடம் விழும். முரட்டு வேலைக்குப் போதும்.

2. கையால் பல் எழுப்பிய அரம்: கூரிய உளியைச் சுத்தியலால் தட்டி ஒவ்வொரு பல்லாக எழுப்புகிறார்கள். வரிசை சற்று முன்பின்னாக இருப்பதால் தடம் விழாமல் நயமாக வெட்டும். பிரான்சில் ஓரியூ, லியோஜியே ஆகியவை பெயர் பெற்றவை. அங்கு பல்லின் நயத்துக்கு எண் உண்டு: 1 மிக முரடு, 15 மிக நயம். விலை பல மடங்கு கூடும். கேட்பவருக்கு மட்டும் தருவித்துக் கொடுப்பதே நல்லது.

3. லாட அரம்: குதிரைக்கு லாடம் கட்டுமுன் குளம்பைத் தேய்ப்பது. ஒரு பக்கம் மர அரம், மறுபக்கம் இரும்பு அரம். மரத்தை வேகமாகக் குறைக்கும் என்பதால் வில் செய்பவர்களும் வாங்குகிறார்கள்.

4. ரம்ப அரம்: ஜப்பானிய 'ஷின்டோ' வகை. ஆக்சா பிளேடு போன்ற பட்டைகளை வலைபோல் இணைத்தது. இடைவெளி வழியே தூள் விழுந்துவிடுவதால் எளிதில் அடைக்காது.

வடிவத்தில், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமான அரைவட்ட அரம் பல வேலைக்கும் உதவும். கையிருப்பு ஒன்றே வைக்க முடியுமானால் அதையே வையுங்கள்.

சரக்கு எடுக்கும்போது பல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல் நுனி பளிச்சென்று மின்னினால் மழுங்கியது என்று பொருள். நீளவாக்கில் கண் வைத்துக் கோணல் உண்டா என்றும் பாருங்கள்.

கடையில் காக்கும் முறை

அரம் தேய்வது ஆசாரி கையில். கெடுவது பல நேரம் கடை அலமாரியில். அரத்தின் பல் கடினமானது, அதனாலேயே எளிதில் முறியக்கூடியது. கட்டாகக் கட்டி மூலையில் போட்டால் ஒன்றோடொன்று உரசியே மழுங்கிவிடும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் தனித்தனியே சுற்றுங்கள். அல்லது பலகையில் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்.

மளிகைக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு மூட்டை ஈரத்தை இழுக்கும்; புளி இரும்பை அரிக்கும். இவற்றின் அருகே அரத்தை வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த அரம் முடங்கிய முதல்.

வாங்குபவரிடம் சொல்ல

* கைப்பிடி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. வால் முனை உள்ளங்கையைக் குத்தும். அரத்தோடு கைப்பிடியையும் விற்பது அவருக்குப் பாதுகாப்பு, நமக்கும் வியாபாரம்.
* முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும்.
* எண்ணெயைத் துடைத்துவிட்டு, பல்லில் சாக்கட்டி தேய்த்தால் தூள் ஒட்டுவது குறையும்.
* அடைத்த தூளைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தள்ள வேண்டும். பிசின் ஒட்டியிருந்தால் வெந்நீரில் கழுவி, உடனே நன்றாக உலர்த்த வேண்டும்.
* ஆணி உள்ள மரத்தில் போடக் கூடாது.
* லேசாக மழுங்கிய அரத்தைச் சுத்தம் செய்து ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, ஆப்பசோடா கரைத்த நீரில் கழுவி உலர்த்தினால் ஓரளவு கூர்மை திரும்பும். முறிந்த பல்லுக்கு இது உதவாது.

வினிகரும் ஆப்பசோடாவும் நம் கடையிலேயே இருப்பவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும் போட்டி எல்லாத் தெருவிலும் நடக்கிறது. என்ன மரம், என்ன வேலை என்று கேட்டு, அதற்கேற்ற கருவியை எடுத்துக் கொடுக்கும் கடைக்கோ ஆசாரி தானே தேடி வருவார். இரண்டு கேள்வி கேட்கச் செலவில்லை. அதில் கிடைக்கும் நம்பிக்கைதான் சிறு வணிகரின் மூலதனம்.