குளிருக்கு ஒரு கிளாஸ்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுபவர்கள் முதலில் சந்திக்கும் சிறு பட்டணம் ரிங்லெட். பெரும்பாலோர் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் பார்த்துவிடும் அவசரம். நான் அந்த ஊர்க்காரன். என் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார்.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும், காதுகுத்தானாலும், பதினாறாம் நாள் காரியமானாலும், வீட்டுக்குப் பின்புறம் ஒரு தனி மேசை இருக்கும். பதினேழு பதினெட்டு வயதில் அந்தப் பக்கம் போனால் யாராவது ஒரு மாமா கூப்பிடுவார். "வா தம்பி, குளிருக்கு ஒரு கிளாஸ்." வேண்டாம் என்றால் அடுத்த வாக்கியம் தயாராக இருக்கும். "பெரிய படிப்பு படிக்கப் போறவன், எங்ககூடலாம் உக்கார மாட்டான்." முதல் வாக்கியத்தில் இருப்பது குளிர். இரண்டாவதில் இருப்பதுதான் உண்மையான விஷயம்.

இப்படிப்பட்ட கட்டுரையைக் கள்ளுண்ணாமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளோடு தொடங்குவது வழக்கம். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய குடிகாரர் இருவரை எனக்குத் தெரியும். ஆகவே அதை விட்டுவிட்டு, முதலில் அந்தக் குளிரைப் பற்றியே பார்ப்போம்.

குடித்தவுடன் உடம்பு சூடாவதுபோல் தோன்றுவது பொய்யல்ல. ஆல்கஹால் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உடம்பின் நடுவில் இருந்த வெதுவெதுப்பான இரத்தம் தோலுக்கு வருகிறது. முகமும் கையும் சூடாகின்றன. ஆனால் தோலுக்கு வந்த சூடு அங்கே தங்குவதில்லை, காற்றோடு போய்விடுகிறது. நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. அதையும் மது மட்டுப்படுத்துகிறது. ரிங்லெட்டில் இரவு 16, 17 பாகை செல்சியஸுக்கு இறங்கும். அந்த இரவில் குளிருக்குக் குடிப்பவர் உண்மையில் உடம்புச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். குளிருக்கு எங்கள் ஊரிலேயே விளைகிற ஒரு பானம் இருக்கிறது. அதற்குப் பெயர் தேநீர்.

குளிர் ஒரு சாக்குத்தான் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. வேர்த்துக் கொட்டும் கிள்ளானிலும் சுங்கைப் பட்டாணியிலும் நம்மவர்கள் குடித்தார்கள். அங்கே சொல்லப்பட்ட காரணம் உடல்வலி. காரணம் ஊருக்கு ஊர் மாறும், கிளாஸ் மாறுவதில்லை. "நம்ம ஆளுங்கன்னா அப்படித்தான்" என்று மற்ற இனத்தவர் சொல்வதைவிட நாமே அதிகம் சொல்கிறோம். அது பரம்பரைக் குணம் என்று நானும் வெகுநாள் நம்பினேன். வரலாற்றைப் புரட்டியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் தாண்டினால் காடிதான். எனவே அதை ஊர் ஊராக அனுப்பி விற்க முடியாது, குடிப்பவர் இருக்கும் இடத்திலேயே கடை வேண்டும். பிரிட்டிஷார் காலத்து மலாயாவில் அந்தக் கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் கையில், அரசாங்க உரிமத்தோடு இருந்தது. கூலி கொடுத்ததும் தோட்டம், அந்தக் கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கியதும் தோட்டம். நாள் முழுவதும் வெட்டுமரத்தடியில் நின்றவனுக்கு மாலையில் போய் உட்கார, நாலு பேரோடு பேச, இருந்த இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். மற்றபடி கோயில். கோயிலில் தினமும் உட்கார்ந்திருக்க முடியாது.

இதை அந்தத் தொழிலாளர்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தவறு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் தலைமை தாங்கிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. இவற்றோடு, தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போர் முடிந்த பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. பீடோங், ஹார்வர்டு தோட்டம் சார்ந்த பகுதிகளில் இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947இல் போலீசாரோடு மோதல் மூண்டு, உயிர்ப்பலியும் நேர்ந்தது. குடிப்பவர்களைத் தண்டிக்கும் அளவுக்குத் தொண்டர் படை போனதும் உண்டு. அதை நான் மெச்சவில்லை. ஆனால் கடையை மூடச் சொல்லி அடிபட்டவர்கள் வெளியிலிருந்து வந்த சீர்திருத்தவாதிகள் மட்டுமல்லர், அந்தக் கடையில் குடித்த கூட்டத்திலிருந்தே எழுந்தவர்கள். குடி நம் பண்பாடு என்றால், இதுவும் நம் பண்பாடுதானே?

அடுத்த கட்டத்தை நம் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது கள்ளின் இடத்துக்குச் சம்சு வந்தது. கள் ஏறக்குறைய பீர் அளவு போதைதான். சம்சு காய்ச்சி வடித்தது, பல மடங்கு வீரியம், சிறிய புட்டி, மலிவான விலை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதை எதிர்த்துப் பேசிவருகிறது. மலிவு மதுவில் இன்னோர் ஆபத்து, கலப்படம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அவர்களில் கணிசமானோர். ஊரைவிட்டு வந்து, மாலையில் போக இடமில்லாமல், கிடைத்த மலிவான புட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் கொள்ளுத்தாத்தாக்கள் உட்கார்ந்தது போலவே.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இங்கே கள்ளும் இல்லை, சம்சுவும் இல்லை. டின் பீர். ஒரு மூத்த மாணவரின் வாடகை வீடு, கலைநிகழ்ச்சி முடிந்த இரவு, நடுவில் ஒரு கார்ட்டன். முதலாம் ஆண்டில் நான் அங்கே போய் நின்றபோது என் கையில் ஒரு டின் வந்தது. யாரும் மிரட்டவில்லை. எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன், குடித்தேன். கசந்தது.

எல்லாரும் குடிக்கிறார்கள் என்ற இந்த நினைப்பையே இருவர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1986இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்காவில் பெர்க்கின்ஸ், பெர்க்கோவிட்ஸ் என்ற இருவர் ஒரு கல்லூரி மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டனர். குடியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? மற்றவர்கள் என்ன நினைப்பதாக நீ கருதுகிறாய்? மாணவர்கள் தம்மை மிதமானவர்களாகவும், மற்றவர்களைத் தம்மைவிடத் தாராளமானவர்களாகவும் கருதினார்கள். எல்லாருமே அப்படிக் கருதினால் அந்த மற்றவர் யார்? காரணம் எளிது. குடித்து ஆடியவனின் கதை மறுநாள் விடுதி முழுக்கப் பரவும். பத்து மணிக்கு மைலோ குடித்துவிட்டுத் தூங்கப் போனவனைப் பற்றி யார் கதை சொல்வார்?

அதற்கும் முன்பு, 1950களின் தொடக்கத்தில், சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்ற எல்லாரும் ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு தவறான கோட்டைக் காட்டினார்கள். உண்மையாகச் சோதிக்கப்பட்டவர் ஒருவர் மட்டும். கூட்டம் தவறாகச் சொன்ன சுற்றுகளில், சுமார் மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அந்த ஒருவர் தன் கண்ணை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார். எனக்குப் பிடித்தது இதன் அடுத்த பகுதி. அறையில் ஒரே ஒருவர் கூட்டத்துக்கு மாறாகப் பேசினாலும் அந்தத் தவறு வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. கூட்டத்திலிருந்து விலகி ஒரு குரல் வந்தாலே போதும்.

இதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, வெட்கம் வந்தது. ஏனென்றால் மூன்றாம் ஆண்டில் கார்ட்டன் வாங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். "டேய், ஒரு டின்தானே, அண்ணன் கொடுத்தா வாங்க மாட்டியா?" என்று கேட்டவன் நான். ரிங்லெட்டில் மாமா என்னிடம் பேசிய அதே இரண்டாவது வாக்கியம், கொஞ்சம் மாற்றி. அவன் வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. பிறகு எங்கள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு வயது 19. 2017 டிசம்பர் முதல் இந்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. கடைக்காரர் கொடுக்கக் கூடாததை அண்ணன் கொடுத்தேன். பல மாதம் கழித்து அவனைக் கேட்டபோது சொன்னான்: "எங்கப்பா சம்சுவாலதாண்ணே போனாரு. அதை எப்படி அத்தனை பேரு முன்னால சொல்றது?" வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்பது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 320 மில்லிலிட்டர் டின், 5 விழுக்காடு என்றால், அதில் ஏறக்குறைய 12, 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் அகற்றும். கறுப்புக் காப்பியோ, குளியலோ அதை விரைவுபடுத்தாது. ஐந்து பேர் ஆளுக்கொரு ரவுண்டு வாங்கினால் ஒவ்வொருவர் வயிற்றிலும் ஐந்து டின். மெதுவாகக் குடிப்பவனும் வேகமாகக் குடிப்பவனோடு ஓட வேண்டும். ஐந்து டின்னை அகற்ற ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் ஆகும். நள்ளிரவில் குடித்தவர் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் அது இரத்தத்தில் இருக்கலாம்.

அப்பா குடியை விட்டதும் இந்தக் கணக்கினால்தான், சாமிக்குப் பயந்தல்ல. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கூட்டம் கூடவில்லை. வீட்டில் தனியாக அவருக்குக் குடிக்கத் தோன்றவே இல்லை. "இத்தனை வருஷம் தாகமுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வாண்டு அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆனது. குடித்து ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறை. மாலையில் குடித்துவிட்டு, இரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு, தாப்பா வளைவுகளில் இறங்கிச் செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகிறவர் அவர். என் எஸ்.பி.எம். கணித அறிவைக் கொண்டு மணிக்கணக்கைப் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பாவைப் போல் எல்லாராலும் திடீரென்று நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகிய உடம்பில் மது சட்டென்று நின்றால் இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்புகூட வரலாம். உயிருக்கே ஆபத்து. "ஒரே மூச்சில் விட்டுத் தொலை" என்று வீட்டில் பூட்டி வைப்பவர்கள் முதலில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

குடியை விட்டது அப்பாவுக்குக் கடினமாக இல்லை. கூட்டாளிகளை இழந்ததுதான் கடினம். யாரும் சண்டை போடவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். பெயரும் வைத்தார்கள், "சாமியார்" என்று. ஒரு கல்யாண விருந்தில் எல்லாரும் எழுந்து நின்று "யாம் செங்" என்று நீட்டி முழங்கியபோது, அப்பா கையில் வெறும் தண்ணீர்க் கிளாசை வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். குடித்த காலத்தில் அவருக்காக எத்தனை இரவு விழித்திருந்தாரோ, அந்த அம்மாவே அன்றைக்கு, "பேசாம ஒன்னு குடிச்சிருக்கலாம்" என்றார்.

சென்ற ஆண்டு பக்கத்து லயத்தில் ஒரு பதினாறாம் நாள் காரியம். பின்புற மேசைக்கு அப்பா தானாகவே போய் உட்கார்ந்தார். வரும்போதே ஒரு ஹண்ட்ரட் பிளஸ் புட்டியைக் கொண்டுபோயிருந்தார். யாரோ சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து, நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் லோரிக்காரச் சித்தப்பா ஒருவர் தன் கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணே, சக்கரை இல்லாதது ஒன்னு இருக்கா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். குளிர் கடுமையாக இருந்ததால், வரும் வழியில் ஆறு பேருக்குத் தேத்தண்ணீரும் கட்டி வாங்கி வந்தேன். நான்கு பேர் குடித்தார்கள்.