அம்மை கண்டால் மருந்து கொடுக்கலாமா?

மரக்காணம் உள்ளிட்ட கடலோர ஊர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், சின்னம்மையை மாரியம்மனின் வருகையாகக் கருதும் வழக்கம் உண்டு. மருந்து கொடுப்பது தெய்வக் குற்றம் என அஞ்சி, மருத்துவமனைக்குச் செல்லாதிருப்போரும் உளர். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்னம்மை தானாகவே குணமாகும். ஆயினும், சிலருக்கு இத்தாமதம் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நோய் எவ்வாறு உண்டாகிறது?

சின்னம்மை ஒரு வைரஸ் கிருமியால் உண்டாகிறது. காற்றின் வழியாகவும் கொப்புள நீர் வழியாகவும் பரவும். கொப்புளங்கள் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்து, அவை அனைத்தும் பொருக்குக் கட்டும் வரை பிறருக்குத் தொற்றக்கூடும்.

வரலாறு கூறுவது என்ன?

பெரியம்மைத் தடுப்பூசி 1802ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தபோது, அம்மன் சினம் கொள்வாள் என அஞ்சிப் பலர் அதனை மறுத்தனர். பின்னர் ஊர்தோறும் தடுப்பூசி போடப்பட்டதால் நோய் படிப்படியாகக் குறைந்தது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டுக்குப் பின் எவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980ஆம் ஆண்டு, உலகெங்கும் அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரியம்மன் கோயில் திருவிழாக்களோ இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றன. தடுப்பூசியால் மறைந்தது நோய் மட்டுமே, வழிபாடு அன்று.

எவற்றைத் தொடரலாம்?

• வாசலில் வேப்பிலை கட்டி, வெளியாட்கள் வருவதைத் தவிர்ப்பது நோய் பரவலைக் குறைக்கும்.
• இளநீர், மோர், கஞ்சி ஆகியவை உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும்.
• வழிபாட்டிற்கும் வேண்டுதலுக்கும் மருத்துவம் தடையன்று.

எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்?

• 'தண்ணீர் ஊற்றும்' நாள் வரை குளிக்காதிருக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் குளித்துத் தோலைத் தூய்மையாக வைத்திருப்பது நல்லது.
• காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.
• கொப்புளங்களைச் சொறிந்து புண்ணாக்காதிருக்க நகங்களை வெட்டிவிட வேண்டும்.

உடனே மருத்துவரை அணுக வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், பெரியவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் முதல் நாளிலேயே மருத்துவரைக் காண வேண்டும். இவர்களுக்குத் தேவைப்படக்கூடிய அசைக்ளோவிர் மருந்து, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும்.

மூச்சுத் திணறல், வலிப்பு, மனக்குழப்பம், அளவு மீறிய உறக்கம், ஓயாத வாந்தி, கொப்புளங்களைச் சுற்றிச் சிவந்து சீழ் பிடித்தல் ஆகியவை எவருக்குத் தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது.

தட்டம்மைக்குத் தடுப்பூசி

தட்டம்மை வேறொரு நோய். நுரையீரலையும் கண்ணையும் தாக்கக்கூடியது. இதற்கான தடுப்பூசி 9 முதல் 12 மாதத்திற்குள் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறு தவணையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது.

ஐயங்களுக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.