மேல்வீட்டு மாஷிமாவும் களாக்காயும்

ஆடி மழை பிடித்துக்கொண்டால் கொல்கத்தா லேக் மார்க்கெட் வாசலில் நான் தேடுவது கொரம்சாவை. வெள்ளையும் ரோஸுமாகக் குவித்துக் கிடக்கும். வேறொன்றுமில்லை, புதுக்கோட்டைப் பக்கம் வேலியோரப் புதரில் முள் கீறப் பறித்துத் தின்ற நம் களாக்காய்தான். வங்காளத்தில் அதிகம் கண்டதாலோ என்னவோ, வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘பெங்கால் கரண்ட்’ என்று பெயர் வைத்தார்கள்.

மகள் கிரான்பெர்ரி கேக் கேட்டபோதுதான் களாக்காய் ஞாபகம் வந்தது. 1874இல் திறந்த நியூ மார்க்கெட்டில் உலர்ந்த கிரான்பெர்ரி பாக்கெட்டில் கிடைக்கும். அமெரிக்கா, கனடாவின் ஈர நிலங்களில் படரும் கொடியின் பழம் அது. உள்ளே காற்றறைகள் இருப்பதால், அறுவடைக்கு வயலில் தண்ணீர் கட்டினால் மிதந்து மேலே வரும். புளிப்பு தாங்காதென்று பெரும்பாலும் சர்க்கரை ஏற்றியே உலர்த்துகிறார்கள். ஆகவே கேக்கில் சர்க்கரையைக் குறையுங்கள். சமையல் சோடாவையும் அளந்து போடுங்கள். கூடினால் பழத்தைச் சுற்றி மாவு நீலம் பாரித்துவிடும். செம்பருத்திச் சாற்றில் சோடா கலந்தால் நிறம் மாறுமே, அதே சங்கதி.

கிரான்பெர்ரியின் அந்தப் புளிப்பும் சிவப்பும் களாக்காயிலும் உண்டு. கேக் கடைகளில் ‘செர்ரி’ என்று விற்கும் சிவப்பு உருண்டை பல நேரம் சாயமேற்றிய களாக்காய்தான். எனக்குச் சாயம் வேண்டாம். கால் கிலோ காயை வீட்டிலேயே பாகில் போடுகிறேன்.

முதல் வருஷம் அப்படியே நறுக்கி, கத்தியெல்லாம் பால் பிசின் ஒட்டிப் பாடுபட்டேன். இப்போது பலாப்பழத்துக்குச் செய்வதுபோல் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறேன். இரண்டாக வகுந்து, விதை எடுத்து, இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டால் பாலும் துவர்ப்பும் இறங்கிவிடும். காலையில் அலசி, கொதிநீரில் இரண்டு நிமிஷம் விட்டு வடித்து, கால் கிலோ சர்க்கரைப் பாகில் ஒரு கொதி. அணைத்துவிட்டு மறுநாள் மறுபடி ஒரு கொதி. மூன்று நாளில் காய் கண்ணாடிபோல் ஆகும். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது; ஓவனை 90 டிகிரியில் வைத்து உலர்த்தி, ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்துவேன். டிசம்பரில் பொரோதின் வரும். வங்காளிகளுக்குக் கிறிஸ்துமஸ் அப்படித்தான், ‘பெரிய நாள்’. பாக்தாத் யூதக் குடும்பம் 1902இல் தொடங்கிய நாஹூம்ஸ் பேக்கரியில் எல்லா மதத்தாரும் கேக்குக்கு வரிசையில் நிற்பார்கள். அந்த வாரம் என் களாக்காயும் மைதா புரட்டிக் கேக்குக்குள் போகும். மாவு புரட்டாவிட்டால் அடியில் தங்கிவிடும்.

களாக்காய்ச் சட்னி, மேல்வீட்டு வங்காளி அம்மா மாஷிமா சொல்லித்தந்தது. கடுகெண்ணெயில் வரமிளகாய், பாஞ்ச் போரொன் பொரிய வேண்டும்: சீரகம், சோம்பு, வெந்தயம், கடுகு, கருஞ்சீரகம். பிறகு விதை நீக்கிய காயும் உப்பும். நான் வெல்லத்தை எடுத்தபோது கையைப் பிடித்தார்.

“இரு மா, காய் குழையட்டும். முன்னாலேயே வெல்லம் போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும்.”

உலர்ந்த கிரான்பெர்ரியிலும் இந்தச் சட்னி வரும். வெந்நீரில் ஊறவைத்து, வெல்லத்தைப் பாதியாக்கினால் போதும். வங்காளிகள் சட்னியைச் சாப்பாட்டு முடிவில் அப்பளத்தோடு தொட்டுக்கொள்வார்கள்.

கேக்குக்காகப் பாகில் போட்ட காயை எடுத்தபின் மிஞ்சும் பாகைக் கொட்டிவிடாதீர்கள். களாக்காயில் பெக்டின் அதிகம். இன்னும் கொஞ்சம் சுண்டவைத்தால் மறுநாள் ஜெல்லியாக உறைந்திருக்கும். எங்கள் வீட்டில் ரொட்டிக்கு அதுதான் ஜாம்.