சொல் ஒன்று, பொருள் வேறு



ஒரு பள்ளியை விட்டு வேறொரு பள்ளியில் வந்து சேரும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் கொணர்ந்த தாளில் ‘வருகை 160’ என்று கண்டிருக்கிறது. முதற்பள்ளியில் காலை வேளையையும் பிற்பகல் வேளையையும் தனித்தனியே எண்ணுவர். இரண்டாம் பள்ளியிலோ முழு நாளையே ஒன்றாகக் கொள்வர். எழுத்தர் அந்த எண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிட்டால், 80 நாள் வந்த பையன் 160 நாள் வந்தவனாகிவிடுவான். எண்ணில் பிழையில்லை, கூட்டலிலும் பிழையில்லை. ‘வருகை’ என்னும் சொல்லுக்கு இரு பள்ளிகளும் கொண்ட பொருள்தான் வேறு.

இத்தகைய பிழை விண்வெளியிலும் நேர்ந்ததுண்டு. 1998ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் கலத்தை அமெரிக்கா செவ்வாயை நோக்கி ஏவிற்று. அதன் சிறு உந்துபொறிகளின் உந்துதலை ஒரு கணினி நிரல் பவுண்டு அளவையில் கணக்கிட்டுத் தந்தது. அதைப் பெற்றுப் பாதையை வகுத்த மற்றொரு நிரலோ அதை நியூட்டன் அளவை என்றே கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன் அன்றோ? செவ்வாய்க்கு மேல் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலம், 1999 செப்டம்பர் 23 அன்று சுமார் 57 கிலோமீட்டருக்குத் தாழ்ந்துவிட்டது. அதன்பின் அதனிடமிருந்து ஒரு குறிப்பும் வரவில்லை.

இன்று மருத்துவமனை, நூலகம், ஆய்வுக்கூடம் யாவும் தத்தம் கணினிகளில் செய்திகளைச் சேர்த்து வைக்கின்றன. ஒரு துறையிலுள்ள பொருள்கள் யாவை, அவற்றிடையே உள்ள உறவு யாது என்பதைக் கணினி பின்பற்றத்தக்க வகையில் வரையறுத்த அமைப்பை ‘ஆன்டாலஜி’ என்பர். நாம் அதனைப் பொருளமைப்பு எனலாம். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அறிஞர் வகுத்த பொருளமைப்புகளில் எது எதற்கு இணை எனக் காண்பதே பொருளமைப்புப் பொருத்தம்.

இணையை எவ்வாறு காண்பது? முதல் வழி, பெயரை ஒப்பிடுதல். ஆனால் பெயர் ஏமாற்றும். ‘கால்’ என்பது உடலுறுப்பும் ஆகும். நான்கில் ஒரு பங்கும் ஆகும். ஆகவே இரண்டாம் வழியாக அண்டையிலுள்ளவற்றைப் பார்க்கவேண்டும். தொடையும் முழங்காலும் பாதமும் அருகிருந்தால் அது உறுப்பு. அரையும் முக்காலும் அருகிருந்தால் அது பின்னம். மூன்றாம் வழி, ஒவ்வொரு பெயரின் கீழும் அடங்கிய உறுப்பினரை ஒப்பிடுதல்.

இவ்வழிகளைக் கையாளும் நிரல்களை ஒப்பிட்டு மதிப்பிடும் பணி 2004ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. அதில் ஒரு பகுதி, சுண்டெலியின் உடற்கூற்றையும் மனித உடற்கூற்றையும் பொருத்துவது. முன்னதில் 2,744 வகைகள், பின்னதில் 3,304. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு ஒப்பிட்டால் 90 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைகள் வரும். வல்லுநர் ஏற்றவையோ சுமார் 1,500 மட்டுமே. சுண்டெலிக்கு வால் உண்டு, நமக்கில்லை. இணையில்லாத இடத்தில் ‘இல்லை’ என்று சொல்வதும் பொருத்தத்தின் கடமையே.

ஒருமுறை பொருத்திவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. 2006ஆம் ஆண்டு வானியலார் ‘கோள்’ என்பதற்குப் புது வரையறை வகுத்தனர்; புளூட்டோ குறுங்கோளாயிற்று. சொல் மாறவில்லை, அதனுள் அடங்கியவை ஒன்பதிலிருந்து எட்டாயின. பழைய வரையறையில் நிற்கும் கணினியும் புதியதை ஏற்ற கணினியும் ‘கோள்கள் எத்தனை?’ என்பதற்கு வேறு வேறு விடை தரும். பரந்து கிடக்கும் அமைப்பில் எல்லாரையும் ஒரே நாளில் மாறச் சொல்லும் தலைவர் எவருமில்லை. ஆதலால் எந்த நாளைய வரையறை என்பதையும் உடன் குறிக்கவேண்டும். மாறிய பகுதியை மீண்டும் பொருத்திப் பார்க்கவேண்டும். ஐயம் எழுமிடத்தில் துறையறிந்தவரைக் கேட்கவேண்டும்.

வகுப்பில் விடை சொல்லும் மாணவனிடம் நல்லாசிரியர், “இச்சொல்லால் நீ எதைக் குறிக்கிறாய்?” என்று கேட்பார். அக்கேள்வியைக் கணினிகளும் ஒன்றையொன்று கேட்குமாறு செய்வதே இத்துறையின் பணி. உங்களுள் சிலர் நாளை அத்தகைய நிரல்களை எழுதப் போகிறவர்கள். எண்ணைச் சரிபார்க்குமுன் சொல்லைச் சரிபாருங்கள்.