சொதிக்கு எத்தனை கலோரி?

பாளையங்கோட்டை, நெல்லை சந்திப்பு வட்டாரத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் பலகைகளுக்குக் குறைவில்லை. நர்ஸிங், எம்.பி.ஏ., டேட்டா சயின்ஸ் வரிசையில் இப்போது ‘நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ்’ படிப்பும் ஏறிவிட்டது. ‘சாப்பாட்டைப் பத்திப் படிக்க லண்டன் போணுமாக்கும்?’ என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கோ மருத்துவமனை வேலை, பவுண்டில் சம்பளம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிரிட்டனில் ‘டயட்டீஷியன்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். அங்குள்ள சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். வெறும் ‘எம்.எஸ்சி. நியூட்ரிஷன்’ படித்தால் அந்தப் பதிவு கிடைக்காது. மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்ந்த, அங்கீகாரம் பெற்ற டயட்டெடிக்ஸ் படிப்பு வேண்டும். அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் பதிவுத் தேர்வே எழுத முடியாது. கல்விக்கடன் வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி வட இங்கிலாந்தில் டயட்டெடிக்ஸ் படிக்கிறாள். முதல் பருவத்திலேயே ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அவரவர் ஊர் விருந்துப் பண்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓர் ஆளுக்கு எவ்வளவு, அதில் என்னென்ன சத்து என்று கணக்குப் போட்டு வகுப்பில் சொல்ல வேண்டும். நைஜீரியப் பையன் ஜொல்லோஃப் சோற்றை எடுத்தான். இவள் சொதியை எடுத்தாள். எடுத்த பிறகுதான் தெரிந்தது, தின்னத் தெரியுமே தவிர அளவு தெரியாதென்று. வாட்ஸ்அப்பில் ஆச்சியைப் பிடித்தாள்.

“ஆச்சி, சொதிக்கு எத்தனை தேங்கா?”

“எத்தனை பேருக்குட்டி?”

“நாலு பேருக்கு.”

“நாலு பேருக்கு எவ சொதி வைப்பா? கல்யாண வீட்டுக்குன்னா சொல்லுதேன்.”

நூறு பேருக்கு உள்ள கணக்கு ஆச்சிக்கு விரல் நுனியில் இருந்தது. பேத்தி அதை நாலு பேருக்கு வகுத்துக்கொண்டாள். செய்முறையை ஆச்சி விடாமல் சொல்லியிருக்கிறார். முதல் பாலைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும்: உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி. குழைய வெந்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் சேரும். கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம், இல்லாவிட்டால் தேங்காய் செரிக்காது என்பது ஆச்சியின் தீர்ப்பு.

அங்கே அவளுக்குக் கிடைத்தது 400 மில்லி தேங்காய்ப்பால் டின். லேபிளில் நூறு மில்லிக்குச் சுமார் 17 கிராம் கொழுப்பு. நாலு பேருக்கு இரண்டு டின் ஊற்றினால் ஆளுக்கு 34 கிராம் வருகிறது. அதில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அந்த நாட்டு அரசு நிறைவுற்ற கொழுப்புக்குப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், ஆண்களுக்கு 30 கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பெண்களுக்கான வரம்பு ஒரே வேளையில் உடைந்துவிட்டது. அங்கே உணவுப் பாக்கெட்டுகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு எச்சரிப்பார்கள். சொதிக்கு விழுந்தது சிவப்பு.

ஆசிரியை சிவப்பைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதை எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுவீர்கள்? ‘கல்யாணத்துக்கு மறுநாள்’ என்றாள் இவள். வகுப்பே சிரித்ததாம். சிரிப்பு அடங்கியதும், ‘அதையும் கணக்கில் எழுது’ என்றாராம் ஆசிரியை.

எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. தாமிரபரணிக் கரைச் சமையலில் பண்டத்துக்குப் பண்டம் நாள் உண்டு. சொதி மறுவீட்டுப் பந்திக்கு. தாளகக் குழம்பு திருவாதிரைக்கு. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறிய உளுந்தங்களி பெரியவளான பெண்ணுக்கு. பதநீர், பனை சுரக்கிற மாதங்களில் மட்டும். ஆற்றுப் பாசன ஊர்களில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. வடக்கே கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான், நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்கு. இதில் வறுமையின் பங்கும் உண்டு, எல்லாம் முன்னோர் ஞானம் என்று கும்பிட வேண்டியதில்லை. (நெல்லைச் சாப்பாடு என்றாலே பிள்ளைமார் வீட்டுப் பந்தியை எழுதிவிட்டுப் போவது பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் வழக்கம். உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சியவர் வீட்டில் அன்றாடம் என்ன உலை கொதித்தது என்று யாரும் கேட்பதில்லை. கருப்பட்டிக்கு மட்டும் 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது.)

என் கவலை இதுதான்: நாள் போய்விட்டது, பண்டம் மட்டும் தங்கிவிட்டது. சொதி இப்போது மெஸ்ஸில் வாராந்தர ஸ்பெஷல். ரயிலேறுகிறவர் வாங்கிய அல்வா, போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கு வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது; தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இதற்குச் சொதியும் அல்வாவுமா காரணம் என்றால் இல்லை. ஆனால் விருந்து அன்றாடமாகிவிட்ட வாழ்க்கை ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நோய் வந்து மருத்துவமனைக்குப் போனால் கையில் ஒரு டயட் சார்ட் தருகிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கிய தாள். காலையில் ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஆப்பிள், இரவு சப்பாத்தி இரண்டு. அம்பாசமுத்திரத்தில் 1937-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ‘அம்பை 16’ இந்த ஊர்களின் இட்லிக்கும் சோற்றுக்கும் உரிய மோட்டா ரகம். அதை எத்தனை கரண்டி வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளில் இருக்காது. வாங்கி வந்தவர் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வழக்கம்போல ஆறு இட்லி சாப்பிடுகிறார். பிரிட்டனிலோ உடல் எடைக் குறியீடு வெள்ளையருக்கு 25 தாண்டினால் எச்சரிக்கை, தெற்காசியருக்கு 23-லேயே எச்சரிக்கை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் உடம்பு வேறு என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அடுப்பு வேறு என்று இங்கே எழுதக் காணோம்.

வெளியே படித்துத் திரும்பி இதைச் சரியாகச் செய்தவர் நமக்கு இருந்தார். செங்கத்தில் 1919-ல் பிறந்த ராஜம்மாள் பி. தேவதாஸ் அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். திரும்பி வந்து கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தார்; 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்தக் கல்லூரியில் உருவான ‘குழந்தை அமுது’ மாவில் இருந்தவை வறுத்த தானியம், பச்சைப்பயறு, வேர்க்கடலை, வெல்லம். எல்லாம் நம்மூர்ச் சந்தையில் கிடைப்பவை. ஓஹியோவில் கற்றது அளக்கும் முறை. அளந்தது நம் உணவை.

அந்த அளக்கும் வேலை இன்னும் முடியவில்லை. குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடம் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-லேயே வெளியிட்டது. அதன் வழிவந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட புது அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன, சமைக்காத நிலையில். தேங்காய் உண்டு, சொதி கிடையாது. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுமியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, கி.மு. 1155 என்று விடை வந்ததும் 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்துப் பெருமைப்பட்டோம். செத்தவருக்கு வைத்த நெல்லுக்குக் கணக்கு வந்துவிட்டது. உயிரோடிருக்கிற ஆச்சி வைக்கும் சொதிக்கு இல்லை.

படித்த பிள்ளை வேலை பார்க்கப் போவது வெளிநாட்டில்தான் என்றால் அங்கத்திய ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் தெரிந்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கத்திய வேலைக்குப் போதும்தான்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை செப்டம்பர் வகுப்புக்கு விமானம் ஏறப் போகிறதா? கிளம்புமுன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக் கொடுங்கள். ஒரு கல்யாண வீட்டு மறுநாள் காலையில் சமைக்கிற தவசிப்பிள்ளையின் பக்கத்தில் நின்று, தேங்காய் முதல் எலுமிச்சம்பழம் வரை நிறுத்து, எத்தனை இலை விழுந்தது, என்ன விசேஷம், என்ன மாதம் என்று எழுதி எடுத்துப் போகட்டும். பெரிய பந்திக்குக் கைக்கணக்கில் சொதி வைக்கத் தெரிந்த தவசிப்பிள்ளைகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய மகன்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.