கருமாதி இரவில் ஒரு கோமாளி

உற்சாகம் என்கிற உழைப்பு – 9

கல்யாண வீட்டு நலங்கில் மச்சினிகள் மாப்பிள்ளையைப் படுத்திய பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே சிரிப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, புதுத்துணி உடம்பில் இருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இந்த வாரமும் வாசலில் பந்தல் போட்டிருக்கிறது. வீடு மட்டும் வேறு. சாவு வீடு.

பிள்ளை பேரன் எல்லாம் பார்த்து, கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு ஒரு கிழவி போய்ச் சேர்ந்தால் அதைக் ‘கல்யாணச் சாவு’ என்பார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். சம்பந்தி வீட்டார் கோடித் துணியோடு தனி மேளம் வைத்துக்கொண்டு வருவார்கள். தெருமுனையில் இரண்டு மேளமும் சந்தித்துவிட்டால் தீர்ந்தது. யார் கை ஓங்குகிறது என்று பார்க்காமல் பாடை நகராது. வெடி வெடிக்கும், பூ இறையும். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் ஆடுகிற மருமகன், காலையில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதவராக இருப்பார். இரண்டில் எது பொய் என்று யாரும் கேட்பதில்லை. அற்பாயுசில் போனவர்களுக்கு இதெல்லாம் கிடையாது. அங்கே மேளம் அடித்தாலும் ஆட்டம் இருக்காது. எந்தச் சாவுக்கு ஆடலாம், எதற்கு ஆடக்கூடாது என்பது ஊருக்குச் சொல்லாமலே தெரியும்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. ஊர் ஆடுவதற்காகப் பறை அடித்தவர்களுக்கு அந்த அடி சந்தோஷமாக இருந்ததில்லை. சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்பது ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை. கூலி என்ற பெயரில் கிடைத்தது கொஞ்சம், பேச்சு நிறைய. அதனால்தான் பல ஊர்களில் இளைஞர்கள் ‘இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று கருவியைக் கீழே வைத்தார்கள். அதே பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் எடுத்து மேடையில் நின்று அடித்தபோது கேட்டது வேறு ஓசை. ஆடுகிறவரின் உற்சாகத்தை அளக்கும்போது அடிக்கிறவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். கல்யாணச் சாவைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நான் சொல்ல வந்தது இந்த ஊர்வலத்தை அல்ல, அதற்குப் பிறகு வருகிற பதினாறாம் நாளை. பழைய வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் கருமாதி அன்று இரவு கூத்து வைக்கிற வழக்கம் இருக்கிறது. அன்றைக்கு ஆடுவது ‘கர்ண மோட்சம்’. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற கூத்து. பாரதப் போரின் பதினேழாம் நாள் கர்ணன் விழுகிற கதை. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவன், கடைசியில் தன் புண்ணியத்தையும் கொடுத்துவிட்டுப் போனவன். அவனுக்குக் கிடைத்த மோட்சம் நம் வீட்டுப் பெரியவருக்கும் கிடைக்கட்டும் என்று வைக்கிறார்கள். மாலை போட்ட படம் வாசலில் இருக்கும். அதற்கு எதிரே களம். மகன் மொட்டைத் தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

இரவு பத்து மணி வாக்கில் பெஞ்சில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்துகொள்கின்றன. கடவுள் வாழ்த்து முடிகிறது. அடுத்து வருகிறவன் கர்ணன் இல்லை, கட்டியக்காரன் என்கிற கோமாளி. தலையில் கூம்புக் குல்லாய், உடம்பில் ஒன்றுக்கொன்று பொருந்தாத துணிகள். ராஜா வேடக்காரர் புஜக்கட்டை, கிரீடம், மார்புப் பதக்கம் என்று கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டைகளை உடம்பு முழுக்கக் கட்டியிருப்பார். அந்தப் பாரம் எதுவும் கட்டியக்காரனுக்குக் கிடையாது. வந்ததும் ஒரு சுற்று ஆடுகிறான், தானே தடுக்கி விழுகிறான், முன்வரிசையில் இருக்கிற ஒரு மாமாவின் வெற்றிலைப் பெட்டியை விசாரிக்கிறான். பதினைந்து நாளாகச் சிரிக்காத வீடு முதலில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். பிறகு மூடாமல்.

இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் கர்ணன் உச்சக் குரலில் திரை விருத்தம் பாடுவார். சிலம்பும் கையும் மட்டும் தெரியும். பாட்டு முடிந்ததும், ‘உள்ளே நிக்கிறது யாருய்யா?’ என்று கட்டியக்காரன் கேட்பான். ராஜா தன் குலம் கோத்திரம் அடுக்கி முடித்து, மாதம் மும்மாரி பெய்கிறதா என்று வழக்கமான கேள்வியைப் போடுவார். ‘மழையா? ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருது ராஜா’ என்கிற மாதிரி ஒரு பதில் வரும். அஸ்தினாபுரம் ஒரு நொடியில் செய்யாறு பக்கம் வந்து நின்றுவிடும். ராஜா பேசுவது பாட்டும் வசனமுமான பழந்தமிழ், இவன் பேசுவது தெருத்தமிழ். இடையிலே போய் வர இவன் ஒருவனுக்குத்தான் அனுமதி. வாயிற்காவலன், சேவகன், தூதன், சமயத்தில் தோழி என்று அவனே எல்லாமாகவும் ஆவான். யாராவது நூறு ரூபாய் கொடுத்தால் அவர் பெயரையும் ஊரையும் முறையையும் சொல்லி வாழ்த்துவதும் அவன்தான். அடுத்த வேடக்காரருக்கு முகம் எழுதி முடியவில்லை என்றால் களத்தை அரை மணி நேரம் இழுத்துப் பிடிப்பதும் அவன்தான். எல்லாருடைய பாட்டும் தெரியாதவன் அந்த வேடத்துக்கு ஆக மாட்டான். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அனுபவசாலிக்குக் கொடுக்கிற வேடம் அது. சும்மா சிரிக்க வைக்கத் தெரிந்த பையனுக்குக் கொடுக்கிற வேடம் அல்ல.

அவன் சொல்கிற எல்லாவற்றுக்கும் நான் சிரித்ததில்லை. பெண்டாட்டியை அடிப்பது, ஊனம், கறுப்பு நிறம் என்று சில பழைய சரக்குகள் இன்னும் மூட்டையில் இருக்கின்றன. கூட்டம் தொய்ந்தால் சினிமாப் பாட்டுக்குத் தாவி இரட்டை அர்த்தத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. நல்ல கட்டியக்காரன் அந்த மூட்டையைப் பிரிக்காமலே இரவை ஓட்டுவான். அவன் கண் வேறொரு இடத்தில் இருக்கும்: பொன்னுருவி வருகிற கட்டத்தில்.

பொன்னுருவி கர்ணனின் மனைவி. தமிழ்க் கூத்து அவளை ஒரு ராஜகுமாரியாக, தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதைச் சகிக்காதவளாகக் காட்டுகிறது. போருக்குப் போகும் முன் விடைபெற வருகிறான் கணவன். அவள் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். நடுவில் கட்டியக்காரன் மாட்டிக்கொள்கிறான். அவள் சொன்னதை இவனிடமும் இவன் சொன்னதை அவளிடமும் திரித்துத் திரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். புருஷன் பெண்டாட்டி சண்டையில் சிரிக்காத ஊர் உண்டா? கிழவிகள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். சிரித்த வாய் மூடுவதற்குள் கர்ணன் தன் பிறப்பைச் சொல்லிவிடுவான்: தான் குந்தியின் மகன், எதிரே நிற்பவர்கள் தம்பிகள். இப்போது அவள் போகாதே என்கிறாள். காலம் கடந்துவிட்டது. கட்டியக்காரன் எப்போது ஓரமாய் ஒதுங்கினான் என்பதே நமக்குத் தெரியாது. ஒரு நகைச்சுவை அதிகமாகச் சொல்லியிருந்தால் அந்த இடம் கெட்டிருக்கும். ஒன்று குறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பிறகு கண்ணன் அந்தணனாக வந்து கை நீட்டுகிறான். விடியும் நேரத்தில் கர்ணன் விழ, குந்தி வந்து மகனை மடியில் போட்டு அழுகிறாள். அப்போது பார்க்க வேண்டியது களத்தை அல்ல, வீட்டுப் பெண்களை. பதினாறு நாளும் வந்தவர்களுக்குச் சோறு போட்டு, பாய் விரித்து, அழ நேரமில்லாமல் இருந்தவர்கள் அப்போது அழுவார்கள். குந்திக்காக அழுகிறார்களா, படத்தில் இருப்பவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரவெல்லாம் சிரித்து இளகாதிருந்தால் அந்த அழுகை வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். துக்க வீட்டார் கைக்காசு கொடுத்துக் கோமாளியை வரவழைப்பது துக்கத்தை மறக்க அல்ல. விடியும் வரை விழித்திருந்து, அதன் கிட்டே போய் உட்கார ஒரு துணை வேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டை வரிசைப்படுத்தும்போது நகையை முதலில் வைத்தார், அடுத்ததாகவே அழுகையை வைத்தார். இலக்கணம் படிக்காத கட்டியக்காரன் ஒவ்வொரு கருமாதியிலும் அந்த வரிசையில்தான் போகிறான்.

வெளியூர்க்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்திலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் தங்கிவிட்ட ஹன்னே டி புரூயின் 1998-ல் கர்ண மோட்சத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அவர் கணவர் பெருங்கட்டூர் ராஜகோபால் கூத்துப் பரம்பரையில் வந்தவர். இதைத் தெருக்கூத்து என்று சொல்லாதீர்கள், கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்று வாதாடியவர். இருவரும் கலைஞர்களோடு சேர்ந்து 1990-ல் சங்கம் வைத்தார்கள். பிறகு நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். சென்னையில் எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து ஆடிப்போய், நவீன நாடகத்துக்கான வழி இதில் இருக்கிறது என்று எழுதியதும், 1977-ல் கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழு பிறந்ததும் தனிக் கதை. மேடை நாடகக்காரர்கள் இந்த வடிவத்திலிருந்து முதலில் எடுத்துக்கொண்டதில் ஒன்று கட்டியக்காரன். எடுத்துக்கொண்டவர்களில் பலர் அவனை ஆட்சியாளர்களைக் கேலி செய்ய மட்டும் வைத்துக்கொண்டார்கள். கருமாதி வீட்டில் அவன் செய்கிற வேலைக்கு நகரத்து மேடையில் இடம் கிடைக்கவில்லை.

விடிந்ததும் அவன் தேங்காயெண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, ‘அடுத்த கூத்து எங்கே வாத்தியாரே?’ என்று கேட்பான். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. அங்கே கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொதுவிடத்தில் மல்லாந்து கிடப்பான். அவனைக் கொல்ல வேண்டும், கொன்ற பிறகு அவனுக்கு ஒப்பாரியும் வைக்க வேண்டும். அந்தப் படுகளத்துக்கு அடுத்த வாரம் போவோம்.